பட்டினிக் குடலைப் படிப்பது எப்படி? முதன்முதலாகப் பூச்சி அறுக்க வருபவர்களுக்கு

பாளையங்கோட்டைப் பக்கம் விலங்கியல் முதுகலை படிப்பவர்களிடம் ப்ராஜெக்ட் என்னவென்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ஏதாவது ஒரு இலைச்சாற்றின் பெயரைச் சொல்வார்கள். நொச்சி, ஆடாதோடை, எருக்கு, இல்லையென்றால் வேம்பு. சாற்றை இலையில் தடவிப் புழுவுக்குப் போடுவார்கள். ஐந்தாம் நாள் குடலை எடுத்து, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ், புரதத்தைச் செரிக்கும் புரோட்டியேஸ் போன்ற நொதிகளை அளப்பார்கள். 'அமைலேஸ் குறைந்தது, புரோட்டியேஸ் குறைந்தது, எனவே சாறு செரிமானத்தைக் கெடுக்கிறது' என்று முடித்துவிடுவார்கள்.

நானும் அப்படி ஒன்று எழுதியவன்தான். வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் அதிகம் புரட்டவில்லை. "சாறு தடவிய இலையை உங்கள் புழு தின்றதா?" என்று மட்டும் கேட்டார். தின்னவில்லை. வேப்பங்கொட்டைச் சாற்றின் முதல் வேலையே பூச்சியைத் தின்னவிடாமல் செய்வதுதானே! ஐந்து நாள் தின்னாத புழுவின் குடலில் நான் அளந்தது சாற்றின் வேலையா, பசியின் வேலையா? பதில் என்னிடம் இல்லை. சாறே படாமல் வெறும் பட்டினி போட்ட ஒரு கூட்டத்தைப் பக்கத்தில் வைத்திருந்தால் சொல்லியிருக்கலாம்.

அந்தப் பட்டினிக் கூட்டத்தை வைப்பது எப்படி, அதன் குடலில் எதைப் பார்ப்பது, எண்ணை எப்படி வாசிப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். எளிதில் கிடைக்கிறது, குடலும் பெரிது என்பதால் அமெரிக்கக் கரப்பானை வைத்தே சொல்கிறேன். அமெரிக்கா என்பது பெயரில்தான். நம் ஊர்ச் சாக்கடை மூடியைத் தூக்கினால் ஓடுகிறதே, பெரிய செம்பழுப்பு நிறத்தில், அதேதான்.

அறுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது

பூச்சியின் குடலில் மூன்று பகுதிகள். முன்குடலும் பின்குடலும் வெளித்தோல் உள்ளே மடிந்து உண்டானவை. அவற்றுக்கு உள்பூச்சு உண்டு, தோலுரிக்கும்போது அதுவும் சேர்ந்து உரியும். நடுவில் இருக்கும் நடுக்குடலுக்கு அந்தப் பூச்சு கிடையாது. நொதிகளில் பெரும்பங்கு சுரப்பதும் செரித்ததை உறிஞ்சுவதும் அங்கேதான். அதன் சுவரில் உயரமான தூண்செல்கள் நெருக்கி நிற்கும். உட்புற விளிம்பில் நுண்விரல்கள் பிரஷ்ஷின் மயிர்போல அடர்ந்திருக்கும். தூண்செல்களின் காலடியில் சின்னச் சின்னக் கூடுகளாக இன்னொரு வகைச் செல்கள் இருக்கும். மேலே நிற்கும் தூண்செல் தேய்ந்து குடற்குழிக்குள் உதிர்ந்ததும், இந்தக் கூட்டிலிருந்து ஒன்று பிரிந்து வளர்ந்து அதன் இடத்துக்கு ஏறும். இவை புதுப்பிக்கும் செல்கள்.

தாமிரபரணிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தூண்செல் குதிரில் கிடக்கும் நெல், கூட்டில் இருப்பது விதைநெல். பிசானப் பருவம் பொய்த்துப்போனாலும் கார் பருவத்துக்கு எடுத்துவைத்த விதையில் லேசில் கை வைக்கமாட்டார்கள்.

பட்டினி தொடங்கியதும் குடல் உடனே ஒன்றும் ஆகிவிடாது. கரப்பானுக்குப் பெரிய தீனிப்பை உண்டு, அதில் கிடப்பது முதலில் தீரவேண்டும். அதன் பிறகு கொழுப்புத் திசுவில் சேமித்த கிளைக்கோஜனையும் கொழுப்பையும் உடம்பு எடுக்கத் தொடங்கும். மூளைக்குப் பின்னாலுள்ள சிறு சுரப்பியிலிருந்து வரும் அடிப்போகைனெடிக் ஹார்மோன் அதற்கு உத்தரவு போடும்.

குடல் சுவர் ரொம்பச் செலவு பிடிக்கும் உறுப்பு. இருபத்துநான்கு மணி நேரமும் புரதம் செய்துகொண்டே இருக்க வேண்டும். வரும்படி இல்லாத வீட்டில் செலவைக் குறைப்பதுபோல அங்கேயும் குறைப்பு நடக்கும். நொதி செய்யும் சொரசொரப்பான எண்டோபிளாச வலை சுருங்கும். சுரப்புத் துகள்கள் அருகும். செல்லுக்குள் செரிக்கும் பைகளான லைசோசோம்கள் பெருகி, செல் தன்னுடைய பழைய உறுப்புகளைத் தானே பையில் கட்டிச் செரித்துக்கொள்ளும். ஆட்டோஃபேஜி என்பது இதைத்தான். பட்டினி போட்ட ஈஸ்ட் செல்களில் இதன் நுட்பத்தைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜப்பானின் யோஷினோரி ஒசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னும் நாளாக ஆக நுண்விரல்கள் குட்டையாகும், செல்லின் உயரம் குறையும், உள்ளே வெற்றுக்குமிழிகள் தெரியும்.

விதைநெல் என்ன ஆகும்? வாரக்கணக்கில் பட்டினி கிடந்த அமெரிக்கக் கரப்பானில் கூடுகளில் செல் பிரிவது குறைகிறது. கூட்டுக்குள்ளேயே திட்டமிட்ட செல் இறப்பும் கூடுகிறது. அதாவது கஷ்டம் முற்றினால் விதையிலும் கொஞ்சம் கை வைக்கத்தான் செய்கிறது. ஆனால் முழுவதையும் தின்றுவிடுவதில்லை. திரும்பத் தீனி போட்டால் செல் பிரிவது மளமளவென்று ஏறுகிறது. பழ ஈயிலும் இந்தக் கதைதான். தின்னத் தொடங்கியதும் குடலே இன்சுலின் போன்ற ஒன்றைச் சுரந்து தண்டுசெல்களை, அதாவது அதன் புதுப்பிக்கும் செல்களை, தட்டி எழுப்ப, குடல் பெரிதாகிறது. தீனியை நிறுத்தினால் சுருங்குகிறது. இது 2011-இல் வெளியான ஆய்வு.

நொதி குறைந்தது என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். செல் குறைவாகச் செய்கிறது. அல்லது செய்ததை வெளியே விடாமல் வைத்திருக்கிறது. அல்லது செய்வதற்குச் செல்லே குறைந்துவிட்டது. குடலை வெறுமனே மொத்தமாக அரைத்து அளந்தால் மூன்றும் ஒரே எண்ணாகத்தான் வரும். கீழே சொல்லப்போகும் வேலையெல்லாம் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்கத்தான்.

பூச்சி பிடிப்பது

முதலில் அனுமதி. பாடத்திட்டத்தில் விலங்குகளை அறுப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு கட்டுப்படுத்தியிருக்கிறது. கரப்பான்தானே என்று இருந்துவிடாமல் துறையில் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

மருந்து அடித்த இடத்துப் பூச்சி வேண்டாம். ஆஸ்பத்திரி, பெரிய ஓட்டல், ரயில்வே கட்டடம் எல்லாம் மாதாமாதம் மருந்து அடிக்கிற இடங்கள். காய்கறி மண்டி, அரிசி ஆலை, பழைய தெருச் சாக்கடை நல்லது. வாய் அகன்ற ஊறுகாய் பாட்டிலின் உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வாசலின் தடவி, அடியில் நனைத்த கருப்பட்டித் துண்டு ஒன்றும் கொஞ்சம் பழுத்த வாழைப்பழமும் போட்டு, ராத்திரி சுவரோரம் சாய்த்து வையுங்கள். கருப்பட்டி ஊறி லேசாகப் புளித்த வாடை வந்தால் போதும். காலையில் ஏழெட்டு நிற்கும்.

பிடித்த அன்றே பட்டினி போடக் கூடாது. சாக்கடையில் எது என்ன தின்றது என்று யாருக்கும் தெரியாது. பத்து நாளாவது எல்லாவற்றையும் ஒரே தீனியில் வையுங்கள். உடைத்த கோதுமையும் பிஸ்கட் தூளும் கலந்தால் போதும். இந்த நாட்களில் சாகிறது சாகட்டும், மிஞ்சுவதுதான் உங்கள் பூச்சி. ஆய்வுக்கு ஆண்களை மட்டும் எடுப்பது என் வழக்கம். பெண்ணில் முட்டைக்கூடு உருவாகும்போது உடம்பின் கணக்கே மாறிவிடும். ஆணுக்கு வயிற்று நுனியில் செர்சை என்னும் தடித்த வால்நீட்சி ஜோடிக்கு நடுவே இரண்டு மெல்லிய முள் இருக்கும். பெண்ணுக்கு இருக்காது. சிறகு முழுதாக வளர்ந்தவையாகவே பார்த்து எடுங்கள். இளம்பூச்சிகள் தோலுரிக்கும் முன் தாமாகவே தீனியை நிறுத்திவிடும். நீங்கள் போடாத பட்டினி ஒன்று கணக்கில் நுழைந்துவிடும்.

கரப்பான் வேண்டாம் என்பவர்களுக்கு எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக உட்கார்ந்திருக்கும் வெட்டுக்கிளி இருக்கிறது. நம் பக்கத்துத் தரிசில் பஞ்சமே இல்லை. ஆனால் அது எருக்கின் விஷத்தை உடம்பில் சேர்த்துவைத்திருக்கும், தொட்டால் பீய்ச்சும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வெட்டுக்கிளிக்கு வாரக்கணக்கெல்லாம் தாங்காது, நாள்கணக்குதான். புழுக்கள் இன்னும் மோசம். வளரும் புழுவைப் பட்டினி போட்டால் பசியும் வளர்ச்சி நின்றுபோவதும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பிரிக்க முடியாது. வெண்டையிலும் பருத்தியிலும் வரும் சிவப்பு நாவாய்ப்பூச்சி எடுப்பதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த இனத்துக்கு, நடுக்குடலுக்குள் உணவை உறைபோலச் சுற்றும் சவ்வு கிடையாது. ஸ்லைடில் அதைக் காணோமே என்று பதறவேண்டாம்.

பட்டினி போடுவது

சும்மா தீனியை எடுத்துவிட்டால் பட்டினி ஆகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் முறை பன்னிரண்டு கரப்பான்களை ஒரு பிளாஸ்டிக் வாளியில் விட்டு, ஒளிந்துகொள்ள முட்டை அட்டை வைத்து, தண்ணீர்ப் பஞ்சு மட்டும் கொடுத்தேன். பதினான்காம் நாள் முதல் பூச்சியைத் திறந்தால் தீனிப்பை புடைத்துக்கொண்டு நின்றது. கத்தரியால் கிழித்ததும் சாம்பல் நிறத்தில் நைந்த கூழ் வந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. லேபில் இருந்த அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு வாளியிலிருந்த அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஓரமெல்லாம் அரித்திருந்தது. "தம்பி, பட்டினி போட்டிருக்கேன்னு சொன்னிய. இது அட்டையத் தின்னுட்டுல்லா கெடக்கு" என்றார். எண்ணிப் பார்த்தால் பூச்சியும் பதினொன்றுதான் இருந்தது. பன்னிரண்டாவதன் சிறகு மட்டும் மூலையில் கிடந்தது.

கரப்பான் காகிதம் தின்னும், பசை தின்னும், தன் எச்சத்தைத் தின்னும், செத்த கூட்டாளியைத் தின்னும், சில நேரம் உயிரோடு இருப்பதன் காலையும் கடிக்கும். அதனால் இப்போது செய்வது இப்படி. ஒவ்வொரு பூச்சிக்கும் தனி டப்பா, கால் கிலோ தயிர் டப்பா அளவு போதும். அடியிலிருந்து ஒரு அங்குல உயரத்தில் கம்பி வலை, எச்சம் கீழே விழுந்துவிட வேண்டும். ஒளிய இடமாகக் கவிழ்த்த சின்ன மண்சட்டி ஓடு. மேலே கொசுவலை கட்டிய மூடி. தண்ணீர் மட்டும் எல்லாருக்கும் உண்டு. பாட்டில் மூடியில் ஈரப்பஞ்சு வைத்து, பஞ்சையும் தினம் மாற்றுங்கள், நாளானால் அதில் பூஞ்சை வரும், அதையும் தின்னும். தண்ணீரையும் நிறுத்தினால் நீங்கள் அளப்பது பசி அல்ல, வறட்சி. புதிதாக வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்.

தீனி போடும் கூட்டத்தையும் இதே போலத் தனித்தனி டப்பாவில்தான் வைக்க வேண்டும். தனிமையும் வலைத்தரையும் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றாக இருந்தால்தான் மிஞ்சிய வித்தியாசம் பசியுடையது என்று சொல்ல வாய் வரும்.

நாட்களை 3, 7, 14, 28 என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளுக்கும் நொதிக்கு ஆறு பூச்சி, ஸ்லைடுக்கு மூன்று. அதே நாளில் அதே எண்ணிக்கையில் தீனி தின்ற பூச்சிகளும் வேண்டும். இதைத் தவிர, 14 நாள் பட்டினிக்குப் பிறகு திரும்பத் தீனி கொடுத்த கூட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும். பொதுவாக விட்டுவிடுவது அதைத்தான், ஆனால் விடக்கூடாததும் அதுதான்.

வெயிலைக் கணக்கில் எடுங்கள். சித்திரைக் கடைசியில் கத்திரி வெயிலில் தொடங்கும் பட்டினியும், ஆனி ஆடியில் குற்றாலச் சாரல் காற்று பாளை வரை வரும்போது தொடங்கும் பட்டினியும் ஒன்றல்ல. பூச்சிக்குச் சொந்தச் சூடு கிடையாது. அறை சூடானால் உடம்பு வேகமாக எரியும், கையிருப்பு சீக்கிரம் தீரும். காலை, மதியம், ராத்திரி மூன்று முறை வெப்பநிலையை எழுதுங்கள். தின்றதையும் பட்டினியையும் ஒரே அலமாரியில் வையுங்கள், ஒன்றை ஜன்னல் பக்கமும் ஒன்றை உள்ளேயும் வைக்காதீர்கள்.

முதல் நாளும் அறுக்கும் நாளும் எடை போடுங்கள். ஒவ்வொரு டப்பாவுக்கும் எண். பெயர் வேண்டாம். 'பட்டினி' என்று டப்பாவில் எழுதியிருந்தால் ஸ்லைடு எண்ணும்போது கண் தானாகவே குறைத்து எண்ணும்.

திறந்து பார்ப்பது

பனிக்கட்டியில் பத்து நிமிடம் புதைத்தால் பூச்சி அசையாது. சிறகையும் கால்களையும் வெட்டிவிட்டு மெழுகுத் தட்டில் முதுகு மேலே தெரிய ஊசி குத்துங்கள். 0.9 சதவீத உப்புநீரை ஐஸில் குளிரவைத்து ஊற்றுங்கள், எல்லாம் அந்த நீருக்கடியில்தான் நடக்க வேண்டும். வயிற்றின் இரண்டு ஓரமும் கத்தரித்து முதுகுத் தகட்டைப் பொட்டலம் பிரிப்பதுபோல மெல்லத் தூக்குங்கள்.

உடனே குடலைத் தேடாதீர்கள். முதலில் கண்ணில் படும் வெள்ளைப் பொருளை ஒரு நிமிடம் பாருங்கள், அதுதான் கொழுப்புத் திசு. தின்ற பூச்சியில் அது கெட்டித் தயிர்க்கட்டிபோல எங்கும் அப்பிக்கிடக்கும், விலக்கினால்தான் குடல் தெரியும். இருபத்தெட்டு நாள் பட்டினியில் அந்த வெண்மை போய், கஞ்சித் தண்ணீர்போல மெலிந்து, அதற்குள்ளாகவே குடல் தெரியும். எந்தக் கருவியும் சொல்வதற்கு முன்னால் பட்டினியை உங்களுக்குச் சொல்வது இதுதான். நோட்டில் படம் வரைந்து வையுங்கள்.

பிறகு குடல். முன்னால் பெரிய தீனிப்பை, அதன் முடிவில் ஆறு பல் கொண்ட உருண்டையான அரைவைப்பை. அதற்கு அடுத்து விரல்விரலாக நீட்டியிருக்கும் குருட்டுப்பைகள், எட்டு வரை இருக்கும். அங்கிருந்து நடுக்குடல். நூல்போன்ற மஞ்சள் மால்பீஜியன் குழல்கள் கொத்தாக ஒட்டியிருக்கும் இடத்தில் நடுக்குடல் முடிகிறது. குருட்டுப்பைகளிலிருந்து அந்த மஞ்சள் கொத்து வரைதான் நமக்கு வேண்டும்.

தீனிப்பையை எறிந்துவிடாதீர்கள், தனியாக வையுங்கள். கரப்பானின் உமிழ்நீரில் அமைலேஸ் உண்டு, நடுக்குடல் நொதியும் பின்னோக்கித் தீனிப்பைக்கு வந்துசேரும். மாவுச்சத்துச் செரிமானத்தில் நிறையப் பங்கு அங்கேயே நடந்துவிடுகிறது.

இனிதான் முக்கியமான இடம். நடுக்குடலை நீளவாக்கில் கிழித்து, அரை மில்லி குளிர்ந்த உப்புநீரில் அலசுங்கள். அலசிய நீர் ஒரு குழாய்க்கு, அதுதான் 'குழி'. அலசிய சுவர் இன்னொரு குழாய்க்கு, அதுதான் 'சுவர்'. குழியில் இருப்பது செல் வெளியே விட்ட நொதி. சுவரில் இருப்பது செல் இன்னும் கையில் வைத்திருக்கும் நொதி. சுவரைக் கண்ணாடி அரைப்பானில் ஐஸில் வைத்தே அரைத்து, இரண்டையும் குளிர் சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் தெளிந்த நீரை எடுங்கள். அன்றைக்கே அளந்துவிடுவது நல்லது. ஃப்ரீசரில் வைத்துவிட்டு ஊருக்குப் போய், கரன்ட் போனதில் உருகி, திரும்ப உறைந்த குழாய்களை எதுவும் நடக்காததுபோல அளந்த ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன், கண்ணாடியில் பார்த்தால் தெரிவார்.

நொதியை அளப்பது

அமைலேஸுக்கு, சர்க்கரையோடு சேர்ந்தால் நிறம் மாறும் டிஎன்எஸ் கரைசலை வைத்து அளக்கும் முறையே போதும். பிஹெச் 6.9 பாஸ்பேட் கரைசலில் கொஞ்சம் சாப்பாட்டு உப்பும் 1 சதவீத ஸ்டார்ச்சும், அதோடு உங்கள் குடல்சாறு, அதாவது குழியிலிருந்தோ சுவரிலிருந்தோ எடுத்த தெளிந்த நீர். 37 டிகிரியில் பத்து நிமிடம். பிறகு டிஎன்எஸ் ஊற்றிக் கொதிநீரில் ஐந்து நிமிடம். மஞ்சள் நிறம் ஆரஞ்சாகி, நொதி நிறைய இருந்தால் செங்கல் நிறத்துக்குப் போகும். ஆறவைத்து 540 நானோமீட்டரில் வாசியுங்கள். மால்டோஸ் கொண்டு வரைந்த நேர்கோட்டில் ஒப்பிடுங்கள். புரோட்டியேஸுக்குக் கேசீன் போட்டு, டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தால் நிறுத்தி, வடித்து, 280-இல் வாசிக்கலாம். புரத அளவுக்கு லோரி முறை எல்லாக் கல்லூரியிலும் உண்டு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டிஎன்எஸ் நொதியைக் காட்டுவதில்லை, சர்க்கரையைக் காட்டுகிறது. தின்ற பூச்சியின் குடலில் ஏற்கெனவே சர்க்கரை கிடக்கும், அது நொதி செய்த சர்க்கரை என்று எண்ணில் ஏறிவிடும். பட்டினிப் பூச்சியில் அது கிடையாது. எனவே ஒன்றும் செய்யாமலேயே தின்றது உயர்ந்தும் பட்டினி தாழ்ந்தும் தெரியும். இதைத் தடுக்க ஒவ்வொரு குடல்சாற்றுக்கும் அதற்கே உரிய வெற்றுக்குழாய் ஒன்று வையுங்கள்: அதில் டிஎன்எஸ்ஸை முதலில் ஊற்றி, பிறகு குடல்சாறு. அந்த எண்ணைக் கழியுங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு வெற்றுக்குழாய் வைத்த ப்ராஜெக்டைப் பார்த்தால் நான் மேலே வாசிப்பதில்லை.

புழுவை எடுத்தவர்கள் இந்தப் பிஹெச் 6.9-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டுப்புழு போன்றவற்றின் நடுக்குடல் பிஹெச் 10 வரை காரமாக இருக்கும். நடுநிலைக் கரைசலில் அந்த நொதி வேலை செய்யத் தயங்கும், நீங்கள் அதைப் பட்டினியின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

எண்ணை வாசிப்பது

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கினேன். நொதியை ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எத்தனை அலகு என்று எழுதுவதுதான் வழக்கம். நோயுற்ற பூச்சி, விஷம் தின்ற பூச்சி எதற்கும் அதுதான் வழி என்று பாடம். ஆனால் பட்டினியில், வகுக்கும் எண்ணாகக் கீழே இருக்கும் புரதமும் கரைகிறது.

விளக்கத்துக்காக ஒரு கணக்கு போடுவோம். தின்ற பூச்சியின் ஒரு நடுக்குடலில் 100 அலகு அமைலேஸ், 2 மில்லிகிராம் புரதம் என்று வையுங்கள். மில்லிகிராமுக்கு 50. பட்டினிப் பூச்சியில் 60 அலகு, 1 மில்லிகிராம் புரதம். மில்லிகிராமுக்கு 60. ஒரு குடலுக்கு என்று பார்த்தால் நொதி நாற்பது சதவீதம் இறங்கியிருக்கிறது. மில்லிகிராமுக்கு என்று பார்த்தால் இருபது சதவீதம் ஏறியிருக்கிறது! ஒரே பூச்சி, ஒரே குழாய். இரண்டில் எதை எழுதுவது? இரண்டையும்தான். இந்த ஜோடி எண் சொல்வது என்னவென்றால், குடல் மெலிந்திருக்கிறது, ஆனால் மிச்சமிருக்கும் செல்கள் நொதி செய்வதை விட்டுவிடவில்லை. ஒரு எண்ணை மட்டும் வைத்திருந்தால் இது தெரிந்திருக்காது.

இதோடு குழி, சுவர் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குழியில் நொதி விழுந்து, சுவரில் அப்படியே இருந்தால் செல் செய்கிறது, வெளியே விடவில்லை. நடுக்குடலில் சிதறிக்கிடக்கும் ஹார்மோன் செல்களும் உணவு வந்து தொடுவதும் சேர்ந்துதான் அந்தக் கதவைத் திறக்கின்றன, உணவு வராததால் மூடியிருக்கிறது. இரண்டிலும் விழுந்தால் செய்வதே குறைந்திருக்கிறது அல்லது செல்லே குறைந்திருக்கிறது. இந்தக் கடைசி இரண்டையும் பிரிக்கத்தான் ஸ்லைடு.

பட்டினியில் நொதி குறைந்திருப்பதை எப்போதும் கேடு என்று எழுதிவிடவும் வேண்டாம். ஏடிஸ் பெண்கொசுவின் குடலில் ரத்தம் குடிக்கும் முன், புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் என்ற நொதி அநேகமாக இருக்காது. ஆனால் அதைச் செய்வதற்கான ஆர்.என்.ஏ. தயாராகக் காத்திருக்கும். ரத்தம் உள்ளே போன சில மணி நேரத்தில் முதல் டிரிப்சின் வந்துவிடும், பின்னால் இன்னொரு டிரிப்சின் கிளம்பி ஒரு நாள் அளவில் உச்சிக்குப் போகும். அந்தக் கொசுவுக்குக் காலிக் குடல் நோயல்ல, காத்திருப்பு.

ஸ்லைடில் தேட வேண்டியவை

மூன்று பூச்சியின் நடுக்குடலை உடனே பூவன் கரைசலில் போடுங்கள். இது நம் பூவன் பழமல்ல. பிக்ரிக் அமிலம், ஃபார்மலின், அசிட்டிக் அமிலம் 15:5:1 என்று கலந்த மஞ்சள் நீர். பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும், பாட்டில் மூடியைத் துடைத்து ஈரமாகவே வையுங்கள். ஒரு நாள் ஊறியபின் 70 சதவீத ஆல்கஹாலில் மஞ்சள் போகும் வரை கழுவி, மெழுகில் பதித்து, 5 மைக்ரான் சீவி, ஹெமட்டாக்சிலின் இயோசின் நிறமேற்றுவது எல்லாம் வழக்கம்போல.

பார்க்கும்போது ஆசைப்பட்டு எல்லாவற்றையும் எண்ணவேண்டாம். அடித்தளத்திலிருந்து பிரஷ் விளிம்பு வரை செல்லின் உயரம், ஒரு பூச்சிக்குப் பத்து இடம். ஒரு வட்டத்தில் எத்தனை கூடு, கூட்டுக்கு எத்தனை உட்கரு. குழிக்குள் உதிர்ந்து கிடக்கும் செல்கள். உணவைச் சுற்றும் சவ்வு இருக்கிறதா, மெலிந்ததா. கரப்பான் போன்றவற்றில் நடுக்குடல்தான் அந்தச் சவ்வை நெய்கிறது. ஸ்லைடுகளின் எண்ணை நண்பரை விட்டு மாற்றி ஒட்டச் சொல்லி, எண்ணி முடித்த பிறகே அவிழ்த்துப் பாருங்கள்.

செல் உயரம் குறைந்து, கூடுகளின் எண்ணிக்கை அப்படியே இருந்தால் குதிர் இறங்கியிருக்கிறது, விதை பத்திரம். கூட்டுக்குள் சுருங்கிக் கறுத்த உட்கருக்கள் தெரிந்தால் விதைக்கும் கை போயிருக்கலாம். உறுதியாகச் சொல்ல டியூனல் சாயம் போன்ற செல் இறப்புச் சோதனை வேண்டும். வெறும் ஹெமட்டாக்சிலினை நம்பி எழுதாதீர்கள்.

மறுபடி தீனி

பதினான்காம் நாள் பட்டினி முடிந்த பூச்சிக்கு அதே கோதுமையும் பிஸ்கட்டும் கொடுங்கள். முதல் ஐந்து நிமிடம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். உணர்கொம்பு முதலில் தொடும், பிறகு தாடைப் பக்கத்துச் சிறு தொடுகால்கள் தட்டிப் பார்க்கும், அப்புறம் தலையைப் புதைத்துவிடும். எவ்வளவு நேரம் தின்றது, எத்தனை மில்லிகிராம் குறைந்தது என்று எழுதுங்கள். தின்ன மறுப்பதை இந்தக் கூட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பாதியை ஒரு நாள் கழித்தும், பாதியை ஐந்து நாள் கழித்தும் திறவுங்கள்.

குழியில் இருக்கும் நொதி முதலில் ஏறும், செல்லின் உயரமும் எண்ணிக்கையும் பின்னால்தான் வரும் என்று எதிர்பாருங்கள். கதவைத் திறக்க மணிநேரம் போதும், புதிய செல் எழும்பி நிற்க நாள் ஆகும்.

இலைச்சாறு ஆய்வு செய்பவர்கள் இதையே இன்னொரு வரிசையாகச் சேர்த்துக்கொள்ளலாம். சாறு தின்றவை, சாறு இல்லாமல் தின்றவை, வெறும் பட்டினி, அதோடு சாற்றுக் கூட்டம் தின்ற அளவே சுத்தத் தீனி கொடுத்தவை. வேம்புக் குழுவின் குடலும் இந்தக் கடைசிக் குழுவின் குடலும் ஒன்றுபோல இருந்தால் வேம்பு வாயை மூடியது, அவ்வளவுதான், குடலை அது தொடவில்லை. வேம்புக் குழு மட்டும் இன்னும் கெட்டிருந்தாலோ, சாற்றை நிறுத்தி நல்ல தீனி கொடுத்தும் எழவில்லை என்றாலோதான் 'செரிமானத்தைக் கெடுக்கிறது' என்ற வரியை எழுதலாம்.

மிஞ்சிய பூச்சிகளை வெளியே விடவேண்டாம், விடுதிக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். டப்பாவோடு ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மேலே 'இது சாப்பாடு அல்ல' என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். எங்கள் லேபில் ஒருமுறை அதை எழுதாமல் விட்டு, அண்ணாச்சி தன் மோர் பாட்டிலைத் தேடும்போது கையில் அது வந்துவிட்டது.